வகுப்பெடுத்தால் தீருமா மருந்துப் பிழை?

ஒரு வார்டில் தவறான ஊசி போடப்பட்டுவிட்டது என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது மருத்துவமனையில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். அந்த ஷிஃப்டில் இருந்த ஸ்டாஃப் நர்சுக்கு மெமோ வரும். இரண்டொரு நாளில் அவர் கைப்பட விளக்கக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அடுத்த வாரமே செவிலியர்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுப்பது பற்றி வகுப்பு நடக்கும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்து சரிகளும் மறுபடி ஒப்பிக்கப்படும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்ததும் கோப்பு மூடப்படும். நிர்வாகம், மருத்துவர்கள், நோயாளியின் குடும்பம், பத்திரிகைகள் என எல்லாத் தரப்பும் இதை நியாயமான நடவடிக்கையாகவே ஏற்றுக்கொள்கின்றன. மருந்துப் பிழை என்பது செவிலியரின் அறியாமையால் வருகிறது, அல்லது கவனக்குறைவால் வருகிறது. அறியாமைக்கு வகுப்பு, கவனக்குறைவுக்குத் தண்டனை என்பதே இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறானது. முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளுக்கு முன்னால் அது நிற்காது. அதோடு, நோயாளிகளை அது ஆபத்திலேயே விட்டுவைக்கிறது.

ஐந்து சரிகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்று நான்கு ஆண்டு படித்துப் பதிவு பெற்ற எந்தச் செவிலியருக்கும் அவை தெரியாமல் இருக்காது. முதலாண்டு மாணவியை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வார். ஆனால் அந்த ஐந்தும் வேலை எப்படி முடிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கின்றன. அப்படி முடிப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. நோயாளி சரியானவராக இருக்க வேண்டும் என்று தெரிந்த செவிலியர், மணிக்கட்டில் அடையாளப் பட்டை இல்லாமல், அடுத்தடுத்த படுக்கைகளில் ஒரே பெயருள்ள இருவர் கிடந்தால் என்ன செய்வார்? அளவு சரியாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர், கேஸ் ஷீட்டில் இருப்பது ஒன்றா ஏழா என்று புரியாத கையெழுத்தை எப்படிப் படிப்பார்? அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம் பிழைத் தடுப்பு முறைகளை அவற்றின் வலிமையின்படி வரிசைப்படுத்தியிருக்கிறது. தவறு செய்யவே முடியாதபடி கருவியையும் பொருளையும் அமைப்பது அதில் உச்சியில் இருக்கிறது. பயிற்சி கொடுப்பதும் 'கவனமாக இருங்கள்' என்று சொல்வதும் அடியில் இருக்கின்றன. நம் மருத்துவமனைகள் பெரும்பாலும் அந்த அடிப்படியில் தொடங்கி அதிலேயே முடித்துக்கொள்கின்றன.

பிழைகள் உண்மையில் எங்கே பிறக்கின்றன என்பதை 1995-இல் லூசியன் லீப்பும் அவருடைய சகாக்களும் பாஸ்டன் மருத்துவமனைகளில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்கள் அலசிய 334 பிழைகளில் 39 விழுக்காடு மருத்துவர் மருந்து எழுதும் இடத்திலும், 38 விழுக்காடு செவிலியர் மருந்து கொடுக்கும் இடத்திலும் நேர்ந்திருந்தன. மீதி, எழுதியதைப் பெயர்த்தெழுதும்போதும் மருந்தகத்திலிருந்து வழங்கும்போதும் வந்தவை. தனித்தனி ஆட்களின் குறையாகத் தெரிந்தவற்றின் பின்னால் அவர்கள் பதினாறு அமைப்புக் குறைகளைக் கண்டார்கள். அவற்றில் முதலிடம், 29 விழுக்காட்டுப் பிழைகளுக்குக் காரணமாக இருந்தது, மருந்து பற்றிய அறிவு வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் போய்ச் சேராததுதான். அப்படிப் போய்ச் சேராமல் இருந்தது குறிப்பாக மருத்துவர்களுக்கு என்று அந்த ஆய்வு பதிவு செய்கிறது. அறியாமையே காரணம் என்று வாதிடுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அறியாமைதான் சிக்கல் என்றால் வகுப்பறையின் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர் வேறொருவர். இன்னொன்றும் அதில் தெரிந்தது. எழுதும்போது வந்த பிழைகளில் ஏறத்தாழப் பாதி நோயாளியைத் தொடும் முன்பே பிடிபட்டன. அவற்றைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள். கொடுக்கும்போது வந்த பிழைகளோ மிகச் சொற்பமாகவே பிடிபட்டன, ஏனென்றால் செவிலியருக்குப் பிறகு பார்ப்பதற்கு யாருமில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நிற்பவர்தான் கண்ணில் படுகிறார். பழியும் அவர் மேலேயே விழுகிறது.

கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். 2010-இல் யோஹன்னா வெஸ்ட்புரூக் தலைமையில் சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் 720 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த 4,271 தருணங்களை ஆய்வாளர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட தருணங்களில் யாரோ எதற்காகவோ இடையில் குறுக்கிட்டிருந்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டோடும் மருத்துவப் பிழை 12.7 விழுக்காடு கூடியது. ஒரே நோயாளிக்கு மருந்து கொடுக்கையில் நான்கு முறை குறுக்கிட்டால் பெரும்பிழைக்கான வாய்ப்பு இரு மடங்கானது. எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு, அனுபவம் பிழையிலிருந்து காப்பாற்றவில்லை என்பது. நடைமுறை மீறல்கள் அனுபவம் கூடியவர்களிடம் அதிகமாகவே இருந்தன. பல ஆண்டு படிப்பும் பழக்கமும் தராத பாதுகாப்பை ஒரு மதிய வகுப்பு தந்துவிடும் என்று எதை வைத்து நம்புகிறோம்? நம் வார்டை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். காலை எட்டு மணி ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார் செவிலியர். டிரிப் முடிந்துவிட்டது என்று ஒரு அட்டெண்டர் கூப்பிடுகிறார். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே என்கிறார். லேபிலிருந்து போன். டிஸ்சார்ஜ் சீட்டு எப்போது கிடைக்கும் என்று ஒரு குடும்பம் பக்கத்தில் நிற்கிறது. இத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டே அவர் கை ஆம்பூலை உடைக்கிறது. பொது வார்டில் போதனா மருத்துவமனைகளுக்கு மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றுக்கு ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. முப்பது நாற்பது நோயாளிகளை ஒருவரே பார்க்கும் இரவுகள் நம் அரசு மருத்துவமனைகளில் சாதாரணம். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் செவிலியர்களைத் தெருவில் போராட விட்டுவிட்டு, வார்டில் இருப்பவரிடம் கவனத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது நேர்மையான செயலாகாது.

2006 செப்டம்பரில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்ததை இந்த விவாதத்தில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும். ரத்தக்குழாயில் செருகிய குழாய் அடைக்காமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கானது ஒரு மில்லிக்கு 10 யூனிட். அன்று மருந்துப் பெட்டகத்தில் நிரப்பப்பட்டிருந்தது மில்லிக்கு 10,000 யூனிட் கொண்ட பெரியவர்களுக்கான வயல், அதாவது ஆயிரம் மடங்கு. நீல நிற லேபிள், அதே அளவுக் குப்பி, குழந்தைகளுக்கான வயல் வழக்கமாக இருக்கும் அதே இழுப்பறை. நிரப்பியவர் மருந்தகப் பணியாளர். எடுத்துக் கொடுத்தவர்கள் ஒருவர் இருவரல்ல, தனித்தனியே வந்து எடுத்த பல செவிலியர்கள். ஆறு குழந்தைகளுக்கு அது செலுத்தப்பட்டது. மூன்று குழந்தைகள் இறந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே பயிற்சி பெற்ற இத்தனை பேரும் ஒரே நேரத்தில் அறிவிழந்தார்களா, கவனமிழந்தார்களா? ஒரே இடத்தில் பலர் ஒரே தவறைச் செய்தால் தவறு அந்த இடத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றில் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கு இதே ஹெப்பாரின் குழப்பம் நேர்ந்தது. குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். இண்டியானாபோலிஸ் மரணங்களுக்குப் பின்னர்தான் மருந்து நிறுவனம் லேபிளை மாற்றியது. முதல் மூன்று குழந்தைகளுக்கு முன்பே மாற்றியிருக்கலாம்.

நம் ஊரிலும் இதற்கு இணையான கண்ணி தினமும் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் இன்சுலின் வயல் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் வலிமையில் வருகிறது. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜும் புதுவகை இன்சுலின்களும் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 வலிமை இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை ஏற்றினால் உள்ளே இருப்பது அரை மில்லி, அதாவது 50 யூனிட். எழுதியது 20, உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. அதிகாலையில் அந்த நோயாளி வேர்த்து விறுவிறுத்து மயங்கிக் கிடப்பார். ஐந்து சரிகளையும் ஒன்று விடாமல் பார்த்த செவிலியருக்கும் இது நேரலாம், ஏனென்றால் ஆள் சரி, மருந்தின் பெயர் சரி, கோடு சரி, வழி சரி, நேரமும் சரி. ஒரே வார்டில் இரண்டு வலிமையும் இரண்டு சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடப்பது மட்டும்தான் தவறு. அதைச் சரிசெய்ய வேண்டியவர் மருந்து வாங்குகிற அதிகாரி. அந்த அதிகாரிக்கு இதைப் பற்றி எந்த வகுப்பும் நடப்பதில்லை.

அப்படியானால் செவிலியர்களிடம் அறியாமையே இல்லையா, தொடர் கல்வியே வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறியாமை இருக்கிறது; கல்வியும் கட்டாயம் வேண்டும். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளைப் பார்த்த லிண்டா ஐக்கன் குழுவின் 2014 ஆய்வு, பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு பத்து விழுக்காடு கூடும் இடத்தில் நோயாளி இறக்கும் வாய்ப்பு ஏழு விழுக்காடு குறைவதைக் காட்டியது. அதே ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு ஏழு விழுக்காடு ஏறுவதையும் காட்டியது. முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்லி இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். கல்வி வேண்டும்தான், எந்தக் கல்வி என்பதில்தான் தகராறு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர் கல்வி வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மணிகள் எப்படிச் சேர்க்கப்படுகின்றன? பெரும்பாலும் விடுமுறை நாளிலோ நைட் டூட்டி முடிந்த காலையிலோ, கைக்காசு கட்டி, இருநூறு பேர் கூடத்தில் உட்கார்ந்து, திரையில் ஓடும் படங்களைப் பார்த்து. எண்ணப்படுவது உட்கார்ந்த நேரம். வார்டுக்குத் திரும்பிய பின் கை என்ன செய்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

கையோடு தொடர்புள்ள கல்வி எப்படி இருக்கும் என்பதற்கு டோபமினை எடுத்துக்கொள்ளலாம். அறுபது கிலோ நோயாளிக்கு ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறது. நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18 மில்லிகிராம். 200 மில்லிகிராம் ஆம்பூலை 50 மில்லியாகக் கலந்தால் ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். ஆக, சிரிஞ்ச் பம்பில் வைக்க வேண்டிய வேகம் மணிக்கு 4.5 மில்லி. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளியின் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கை மனதில் போடுவது யாருக்கும் எளிதல்ல. அடுத்த ஷிஃப்டில் ஒருவர் இரண்டு ஆம்பூலைக் கலந்து, பம்பின் வேகத்தை மாற்றாமல் விட்டால் மருந்து இரு மடங்காகப் போகும். இதற்கு வேண்டியது, அந்த ஐ.சி.யு.வில் டோபமின் எப்போதும் ஒரே விதமாகத்தான் கலக்கப்படும் என்ற முடிவும், எடைக்கு எடை வேகத்தைக் காட்டும் ஓர் அட்டவணை பம்புக்கு மேலே சுவரில் ஒட்டப்படுவதும். பிறகு அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, அந்தப் பம்பிலேயே, பணி நேரத்திலேயே, அரைமணி நேரப் பயிற்சி. புதிதாகச் சேர்ந்தவர் தனியே மருந்து கொடுக்கத் தொடங்கும் முன் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கூடத்தில் இருநூறு பேருக்கு இதைக் கற்பிக்க முடியாது.

அந்தப் பயிற்சியில் மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து உட்கார வேண்டும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றம் 2016-இலேயே விதி திருத்தியது. இன்றும் கேஸ் ஷீட்டில் பத்துக்குப் பக்கத்தில் யூனிட்டைக் குறிக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுழியமாகப் படித்தால் 10 யூனிட் இன்சுலின் நூறாகிவிடும். இரவில் டூட்டி டாக்டர் போனில் சொல்லும் மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யச் செவிலியருக்குக் கற்பிக்கிறோம். திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது என்று மருத்துவருக்கு யார் கற்பிக்கிறார்கள்? 'டாக்டர், இந்த அளவு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் சொல்லவே தயங்குகிற சூழலில், சந்தேகம் வந்தால் கேளுங்கள் என்ற பாடம் காகிதத்தோடு நின்றுவிடும். கேட்ட செவிலியர் அவமானப்படமாட்டார் என்ற உறுதியை மருத்துவமனைத் தலைவர்தான் தர முடியும்.

அமைப்பு அமைப்பு என்று பேசினால் பொறுப்பற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்பது அடுத்த எதிர்ப்பு. இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இது வலுவாக ஒலிக்கிறது. குடித்துவிட்டுப் பணிக்கு வந்தவரையும், வேண்டுமென்றே விதியை மீறியவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பிழைகளில் பெரும்பகுதி அந்த வகையல்ல. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஸ்கேனுக்கு முன் ஒரு மூதாட்டியை அமைதிப்படுத்த மிடசோலம் கொடுக்கச் சொன்னார்கள். செவிலியர் அதன் வணிகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை மருந்துப் பெட்டகத்தின் திரையில் தட்டினார். வரவில்லை. பெட்டகத்தின் தடையை விலக்கிவிட்டுத் தேடியபோது அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும் மருந்து அது. மூதாட்டி இறந்துபோனார். எச்சரிக்கைகளைச் செவிலியர் கவனிக்கத் தவறினார் என்பதில் சந்தேகமில்லை. அதை அவரே உடனடியாக ஒப்புக்கொண்டார். தடையை விலக்கி மருந்து எடுப்பது அந்த நாட்களில் அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது என்பதும் வழக்கில் பேசப்பட்டது. 2022-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். உண்மையைத் தானாகச் சொன்னவருக்குக் குற்றவாளிக் கூண்டு என்பதை உலகெங்கும் செவிலியர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் அடுத்த தவறைத் தாங்களாகவே முன்வந்து சொல்வார்கள்?

நம் சட்டம் இன்னும் கடுமையானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் மருத்துவச் செயல்முறையின்போது அதைச் செய்திருந்தால் இரண்டாண்டு வரைதான். மருத்துவர் யார் என்பதற்கு அந்தப் பிரிவு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தைக் கைகாட்டுகிறது. செவிலியர் அதற்குள் வரமாட்டார். ஒரே நோயாளி, ஒரே மருந்து. அளவைத் தவறாக எழுதியவருக்கு அதிகபட்சம் இரண்டாண்டு, எழுதியபடி கொடுத்தவருக்கு ஐந்தாண்டு. இந்தச் சட்டத்தைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு, கைநழுவவிருந்த தவறுகளையெல்லாம் பதிவேட்டில் எழுதுங்கள் என்று சொன்னால் அந்தப் பதிவேடு வெறுமையாகத்தான் இருக்கும். பதிவேடு வெறுமையாக இருந்தால் எதைக் கற்பிப்பது என்றே தெரியாது. தண்டனை, தொடர் கல்வியின் பாடநூலையே பறித்துவிடுகிறது.

கடைசியாகப் பணம். பார்கோடு, கணினி எல்லாம் பணக்கார நாடுகளுக்கு, நமக்குக் கட்டுப்படியாவது வகுப்புதான் என்கிறார்கள். பார்கோடு பயனுள்ளதுதான். பாஸ்டனில் 2010-இல் வெளியான ஆய்வில், நேரம் தவறியதை விட்டு மற்ற மருந்துப் பிழைகள் 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8-ஆகக் குறைந்தன. கருவியை வாங்கி வைத்துவிட்டு ஆளைக் குறைத்தால், அவசரத்தில் அதையும் சுற்றிக் கடக்க வழி பிறக்கும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பார்கோடு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மிக வலுவான தடுப்புகளில் சிலவற்றுக்குச் செலவே இல்லை. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். 1998-இல் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம் தன் முதல் எச்சரிக்கை அறிக்கையையே இதைப் பற்றித்தான் வெளியிட்டது. 2002-இல் பிரிட்டனும் அதே மருந்தைப் பற்றி எச்சரித்தது. இரண்டு இடத்திலும் சொல்லப்பட்ட தீர்வு எளியது: அந்த ஆம்பூலை வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாத ஆம்பூலைத் தவறி எடுக்க யாராலும் முடியாது. நம் பொது வார்டுகளில் அது இன்னும் மற்ற ஆம்பூல்களோடு இருக்கிறது என்றால் அதற்குப் பணம் காரணமாக முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போல ஒரு மாநிலம் முழுவதற்கும் மருந்து வாங்கும் அமைப்பு, ஒத்த தோற்றமுள்ள இரண்டு ஆம்பூலை ஏற்கமாட்டோம் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் அதைக் கேட்காத உற்பத்தியாளர் இருக்கமாட்டார்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வார்டில் நடக்கும் பிழை ஆய்வுக் கூட்டத்தை 150 மணிக் கணக்கில் சேர்க்கச் செவிலியர் மன்றங்கள் உத்தரவிடட்டும். தொடர் கல்வி பணி நேரத்திலேயே, மருத்துவமனைச் செலவிலேயே நடக்கட்டும். 106(1) பிரிவு மருத்துவருக்குத் தரும் வரம்பைச் செவிலியருக்கும் நாடாளுமன்றம் தரட்டும். இதெல்லாம் வருவதற்கு முன்பே, மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களும் நர்சிங் சூப்பரிண்டெண்டுகளும் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெமோவில் கையெழுத்திடும் முன் அந்த வார்டுக்கு நேரில் போங்கள். அந்த மருந்து எந்தத் தட்டில், எந்த மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது, அன்று அந்தச் செவிலியரிடம் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பை அந்தத் தாளை வைத்து நடத்துங்கள். மருத்துவரையும் ஸ்டோர் பொறுப்பாளரையும் அதற்குக் கூப்பிடுங்கள்.